அதுக்குத் தெரியுதுப்பா

இரவு பதினோரு மணிக்கு மேல் இருக்கும். தண்ணீர் குடிக்கப் போன மகள் சமையலறையிலிருந்து குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டாள். விளக்கைப் போடவில்லை. கைபேசி டார்ச்சை விரலால் பாதி மூடிப் பிடித்தபடி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்திருந்தாள். குழாய் சுவருக்குள் நுழையும் மூலையில், முந்தைய நாள் நான் வைத்த ஜெல் மருந்தின் பொட்டுக்கு எதிரே ஒரு கரப்பான் பூச்சி நின்றது. பெரிய சிவப்புக் கரப்பான் அல்ல. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடும் சின்ன வகை. அதன் உணர்கொம்புகள் ஜெல்லின் மேல் மாறி மாறித் தட்டின. முன்னால் வந்தது. வாயைத் தாழ்த்தியது. தொட்டதுதான் தாமதம், சுடுபாத்திரத்தில் கை பட்டதுபோலப் பின்னால் துள்ளியது. சற்று நேரம் நின்று வாயைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டது.

"அதுக்குத் தெரியுதுப்பா, இது விஷம்னு" என்றாள் மகள்.

நானும் அப்போது ஆமாம் என்றுதான் தலையாட்டினேன். படுத்த பிறகுதான் அந்தச் சொல் உறுத்த ஆரம்பித்தது. தெரியுது என்றால் என்ன? நானே அந்த டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் அது விஷம் என்று தெரிந்துகொண்டேன். அதையும் வீட்டில் எல்லோரும் மருந்து என்றுதான் சொல்கிறோம். பூச்சி மருந்து, கரப்பான் மருந்து, எலி மருந்து. கொல்வதற்கும் குணமாக்குவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கே டப்பாவைத் திருப்பிப் பார்க்காமல் எது என்ன என்று சொல்ல முடியாது. ஒரு செண்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள உடம்பு, சில நொடிகளில், நக்கிக்கூடப் பார்க்காமல் எப்படி முடிவுக்கு வந்தது? அதற்குப் பிறகு பல மாதங்கள் கிடைத்ததை எல்லாம் படித்தேன். மகள் சொன்னது சரியா தவறா என்பதில் என் கருத்து மூன்று முறையாவது மாறிவிட்டது.

காலில் இருக்கும் நாக்கு

கல்லூரியில் விலங்கியல் படித்தபோது செய்த ஒரு சோதனையிலிருந்து தொடங்குகிறேன். ஈ ஒன்றைச் சற்றுக் குளிரவைத்து, அசையாமல் கிடக்கும்போது முதுகில் துளி மெழுகு வைத்து ஒரு குச்சியில் ஒட்டவேண்டும். விழித்த பிறகு முதலில் வயிறு நிறையத் தண்ணீர் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் தாகத்தில் எதைத் தொட்டாலும் உறிஞ்சியை நீட்டும், சோதனை பாழாகிவிடும். அப்புறம் அதன் முன்னங்கால்களை மட்டும் சர்க்கரைத் தண்ணீரில் படும்படி இறக்கினேன். வாய் எங்கேயோ மேலே இருக்கிறது, எதையும் தொடவில்லை. ஆனாலும் மடங்கிக் கிடந்த உறிஞ்சி சட்டென்று நீண்டது. பாதத்தால் சுவைத்துவிட்டது. அதே சர்க்கரைத் தண்ணீரில் கொய்னா என்ற கசப்பு மருந்தைக் கலந்து மறுபடி இறக்கினேன். உறிஞ்சி வெளியே வரவே இல்லை, கால்களைத்தான் மேலே இழுத்துக்கொண்டது. பட்டாம்பூச்சிகள் பாதத்தால் சுவைக்கின்றன என்பதை டுவைட் மின்னிச் 1921இலேயே காட்டிவிட்டார். ஈக்களின் சுவையுணர்வை வின்சென்ட் டெத்தியர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். எனக்கோ அந்த நீண்ட உறிஞ்சியை நேரில் பார்த்த பிறகுதான் அது உண்மை ஆனது.

பூச்சியின் நாக்கு ஒரே இடத்தில் இல்லை. உதட்டில், பாதங்களில், சிறகோரத்தில், சிலவற்றுக்கு முட்டையிடும் குழாயின் நுனியிலும்கூட நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிரின் உச்சியிலும் ஒரு துளை. உள்ளே பொதுவாக இரண்டு முதல் நான்கு சுவை நரம்பணுக்கள். ஒன்று இனிப்புக்கு, ஒன்று கசப்புக்கு, மற்றவை தண்ணீருக்கும் உப்புக்கும் என்று கிட்டத்தட்ட ஒரு பங்கீடு. அழுகிய பழத்தைச் சுற்றிப் பறக்கும் சின்னப் பழ ஈயில் இதைத்தான் மிக விரிவாகப் படித்திருக்கிறார்கள். சுவைப் பொருளைப் பிடித்து உணரும் புரதங்களுக்குச் சுவை ஏற்பிகள் என்று பெயர். பழ ஈக்கு அவற்றை உருவாக்கும் மரபணுக்கள் 60 இருக்கின்றன. அவற்றிலிருந்து 68 ஏற்பிப் புரதங்கள் வருகின்றன. அவற்றில் சர்க்கரைக்கென்று இருப்பவை கொஞ்சம்தான். கசப்பு நரம்பணுவிலோ பல வகை ஏற்பிகள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. வாசலில் எத்தனை வகை ஆள் வந்தாலும், உள்ளே போகும் செய்தி 'வேண்டாம்' என்ற ஒன்றுதான்.

இதைப் படித்தபோது என் முதல் கருத்து உருவானது. மகள் சொன்னது தவறு. பூச்சிக்கு நஞ்சு தெரியாது. கசப்பு மட்டுமே தெரியும். செடிகள் தங்களைக் காத்துக்கொள்ளச் செய்யும் நஞ்சுகளில் பல கசப்பவை. கசப்பைக் கண்டு விலகியவற்றின் சந்ததி பிழைத்தது. கசப்பு ஓர் அடையாளம், அவ்வளவுதான். கசக்காத நஞ்சும் உண்டு, நஞ்சில்லாத கசப்பும் உண்டு.

நெடி

அந்தக் கருத்து ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மாற்றியது, கடுகு.

மணம் வேறு, சுவை வேறு, நெடி வேறு என்று தமிழ் பிரித்து வைத்திருப்பது எவ்வளவு சரியானது என்று இந்த விஷயத்தைப் படிக்கும்போதுதான் புரிந்தது. அரைத்த கடுகு மூக்கில் ஏறும்போது நாம் அதை முகர்வதும் இல்லை, ருசிப்பதும் இல்லை. அது ஒரு வகை வலி. கண்ணில் நீர் வரவைக்கும் புகையும் அப்படித்தான். இவற்றை உணர நம் நரம்புகளில் டிஆர்பிஏ1 என்ற ஏற்பி இருக்கிறது. 2010இல் வந்த ஓர் ஆய்வு, பழ ஈயிலும் அதே குடும்பத்து ஏற்பிதான் அதே வேலையைச் செய்கிறது என்று காட்டியது. நம் வம்சமும் பூச்சிகளின் வம்சமும் பிரிவதற்கு முன், ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, அந்த வேலை தொடங்கிவிட்டது என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. கடுகு நெடிக்கு நாம் முகத்தைத் திருப்புவதும் ஈ வாயை இழுத்துக்கொள்வதும் ஒரே பழைய சொத்தின் இரண்டு பாகங்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மற்ற ஏற்பிகள் பூட்டும் சாவியும் போல: மூலக்கூறின் வடிவம் பொருந்தினால் திறக்கும். இது பெரும்பாலும் வடிவத்தைப் பார்ப்பதில்லை. கடுகின் காரம், பட்டையின் காரம், புகையில் இருக்கும் அக்ரோலின் எல்லாம் உருவத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் ஒரு குணம் உண்டு, புரதங்களைப் பற்றிக்கொண்டு வேதிவினை புரியும். அந்தப் பற்றிக்கொள்ளும் குணம்தான் உடலணுக்களைச் சேதப்படுத்துவதும். இந்த ஏற்பி தன் உடம்பையே பணயமாக நீட்டி, 'என்னைப் பற்றுகிறாயா?' என்று கேட்கிறது. பற்றினால் மணி அடிக்கிறது. இங்கே உணரப்படுவது தீங்கின் அடையாளம் அல்ல, தீங்கேதான். அப்படியானால் மகள் சொன்னது ஓரளவு சரிதானே?

இதற்கு நேர் எதிரான உதாரணம், மழை பெய்தவுடன் எழும் மண்வாசனை. அதில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் போன்ற பாக்டீரியாக்களும் சில பூஞ்சைகளும் அதை உண்டாக்குகின்றன. நம்மை அப்படியே நிறுத்திப்போடும் அந்த வாசனையைப் பழ ஈ சற்றும் பொறுக்காது. 2012இல் வெளியான ஆய்வின்படி, ஈயின் உணர்கொம்பில் ஜியோஸ்மினுக்கென்றே ஒரு வகை நரம்பணு இருக்கிறது. நூற்றுக்கணக்கான வேறு மணங்களைக் காட்டியும் அது அசையவில்லை. ஜியோஸ்மின் பட்டால் மட்டும் துடிக்கிறது. பக்கத்தில் எவ்வளவு நல்ல புளித்த பழம் இருந்தாலும் ஈ அதில் இறங்காது, முட்டையும் இடாது. இத்தனைக்கும் இந்த மணம் எதையும் கொல்வதில்லை. அது எங்கே இருக்கிறதோ அங்கே நஞ்சு சுரக்கும் பூஞ்சை இருக்கலாம் என்பதுதான் விஷயம். அதே மணத்தை டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்பித் தேடிவந்து முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகளுக்கு அந்த நுண்ணுயிர்கள் இருக்கும் தண்ணீர் உணவு.

அதாவது ஒன்றுக்கு எச்சரிக்கைப் பலகை, இன்னொன்றுக்கு வீட்டு விலாசம். கடுகின் காரமும் அப்படித்தான். முட்டைக்கோஸ் குடும்பத்துச் செடிகள் பூச்சிகளை விரட்டச் செய்யும் அந்தக் காரப் பொருளின் மணத்தைப் பிடித்துக்கொண்டுதான் வைரமுதுகு அந்துப்பூச்சி அந்தச் செடிகளைக் கண்டுபிடித்து முட்டையிடுகிறது. மனிதத் தோலில் தடவும் டீட் என்ற கொசுவிரட்டியின் கதையும் நினைவுக்கு வருகிறது. 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கியது. அதன் மணத்தை உணர முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட கொசுக்கள் டீட் தடவிய கையை நோக்கித் தைரியமாகப் பறந்துவந்தன. ஆனால் உட்கார்ந்ததும் எழுந்து ஓடின. 2019இல்தான் காரணம் தெளிவானது: உட்கார்ந்த கொசுவுக்குச் செய்தி சொல்வது அதன் பாதம். பாதங்களை ஒரு பசையால் மூடினால் கொசு டீட்டின் மேலேயே உட்கார்ந்து கடிக்கிறது. எத்தனை கோடிப் பேர் தடவிக்கொண்ட பொருள். அது எந்த வழியாக வேலை செய்கிறது என்று தெரிய 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

கசந்தது எது

சரி, கரப்பானுக்கு வருகிறேன். உண்மையில் நான் தேடியது இதைத்தான்.

1980களின் நடுவில் கரப்பானுக்கான மருந்தில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. எங்கும் தெளிப்பதை விட்டுவிட்டு, மருந்தை இனிப்பான தீனியில் கலந்து வைக்க ஆரம்பித்தார்கள். அந்த இனிப்பில் குளுக்கோஸ் இருந்தது. அற்புதமாக வேலை செய்தது. சில ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு குடியிருப்பில் மட்டும் கரப்பான்கள் சாகவில்லை. பூச்சியியலாளர் ஜூல்ஸ் சில்வர்மன் அவற்றைப் பிடித்துவந்து சோதித்தார். எல்லோரும் எதிர்பார்த்தது, மருந்தைத் தாங்கும் உடம்பு அவற்றுக்கு வந்திருக்கும் என்று. மருந்தைக் கொடுத்தால் செத்தன. தீனியிலிருந்து மருந்தை எடுத்துவிட்டு வெறும் இனிப்பை வைத்தாலும் அவை தொடவில்லை. ஒவ்வொரு சர்க்கரையாகப் பிரித்து வைத்துப் பார்த்தபோது, பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸைச் சாப்பிட்டன. குளுக்கோஸைக் கண்டால் பின்வாங்கின. பழகிக் கற்றதல்ல, குஞ்சுகளுக்கும் அப்படியே வந்தது. 1993இல் இது வெளியானது.

ஏன் என்பதற்கு இன்னும் 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2013இல் அயகோ வாடா கட்சுமாட்டா, சில்வர்மன், கோபி ஷால் மூவரும் அந்தக் கரப்பான்களின் வாயோர மயிர்களில் மின்முனைகளை வைத்து நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். சாதாரணக் கரப்பானில் குளுக்கோஸ் பட்டால் இனிப்பு நரம்பணு துடிக்கும். இந்த வம்சத்தில் இனிப்பு நரம்பணுவோடு கசப்பு நரம்பணுவும் சேர்ந்து துடித்தது. அது துடிக்கும்போது இனிப்பின் குரலும் அடங்கிப்போனது. அவற்றின் வாய்க்கு குளுக்கோஸ் கசந்தது.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். தொட்டிக்குக் கீழே துள்ளிய அந்தப் பூச்சி என் மனதில் முழுவதுமாக வேறொன்றாக ஆனது. நஞ்சை அடையாளம் கண்டு விலகிய புத்திசாலி என்று அதை நினைத்திருந்தேன். இந்தக் கதையிலோ நஞ்சை எந்தப் பூச்சியும் உணரவே இல்லை. மறுத்தது இனிப்பை. தற்செயலாக ஒரு சிலவற்றின் சுவை நரம்பு பிசகியிருந்தது. வேறு எந்தக் காலத்திலும் அந்தப் பிசகு ஒரு குறை; பலம் தரும் உணவைத் தின்னத் தெரியாத பிள்ளை அது. குளுக்கோஸ் கலந்த உணவில் அந்த வம்சம் மெதுவாகத்தான் வளர்கிறது. ஆனால் நாம் இனிப்பில் சாவை வைத்தோம். சரியாக ருசித்தவை எல்லாம் செத்தன, பிசகாக ருசித்தவை மிஞ்சின. தனியொரு கரப்பானுக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்துகொண்டது என்று சொல்வதானால், செத்தவற்றின் எண்ணிக்கை வழியாக அந்த வம்சம்தான் தெரிந்துகொண்டது. என் வீட்டு மூலைக் கரப்பானும் அதே வம்சமா என்பதை ஆய்வகத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதைப் பார்த்த விதம் எனக்கு மாறிவிட்டது.

அந்தப் பிசகுக்கு அவை கொடுக்கும் விலையைப் பற்றிய பின்னாளைய ஆய்வும் மனதை விட்டுப் போகவில்லை. இணைசேரும் முன் ஆண் கரப்பான் சிறகைத் தூக்கி, முதுகில் சுரக்கும் ஓர் இனிப்பைப் பெண்ணுக்குத் தரும். அந்த இனிப்பிலுள்ள மால்டோஸ் பெண்ணின் உமிழ்நீர் பட்டதும் குளுக்கோஸாக மாறும். குளுக்கோஸ் கசக்கும் பெண் பாதியிலேயே இறங்கி ஓடிவிடுகிறது. பிறகு அந்த வம்சத்து ஆண்களிலும் மாற்றம் வந்திருப்பதைக் கண்டார்கள்: அவற்றின் சுரப்பில் குளுக்கோஸாக மாற நேரமெடுக்கும் சர்க்கரை அதிகம் இருந்தது, பெண்ணோடு சேரும் நேரத்தையும் குறைத்துக்கொண்டிருந்தன. நாம் ஒரு மூலையில் வைத்த பொட்டு மருந்து அவற்றின் காதல்வரை போயிருக்கிறது.

கசப்பே இல்லாத நஞ்சு

இதன் மறுபக்கம் தேனீ. 2006இல் தேனீயின் மரபணுத் தொகுப்பை அலசியபோது பத்தே பத்து சுவை ஏற்பிகள்தான் கிடைத்தன. பழ ஈயின் 68ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். காரணம் யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஈ அழுகலில் வாழ்வது, எதிலும் எதுவும் இருக்கலாம். தேனீயைப் பூ அழைக்கிறது. அதை விரட்டினால் பூவுக்குத்தான் நஷ்டம். கோடிக்கணக்கான ஆண்டுகள் நம்பிக்கையான வீடுகளில் மட்டுமே சாப்பிட்டு வளர்ந்த பூச்சி அது.

1991இல் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து விற்பனைக்கு வந்தது. அதன் குடும்பத்து மருந்துகளை விதையில் பூசினாலே போதும். செடியோடு வளர்ந்து, இலையில், மகரந்தத்தில், தேனில் எல்லாம் கலந்துவிடும். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் தேனீக்களுக்கும் பம்பிள்பீ எனப்படும் பெரிய வகைத் தேனீக்களுக்கும் இரண்டு சர்க்கரைக் கரைசல்களை வைத்தார்கள். ஒன்றில் இமிடாகுளோபிரிட் அல்லது அதே குடும்பத்துத் தயமெத்தாக்ஸம், மற்றதில் வெறும் சர்க்கரை. பூச்சிகள் ஒதுங்கவில்லை. மருந்து கலந்ததையே கூடுதலாகக் குடித்தன. வாயின் சுவை நரம்பணுக்களைச் சோதித்தால், மருந்து இருப்பதற்கான எந்தத் துடிப்பும் இல்லை. நிகோட்டினைப் போலவே நரம்பில் வேலை செய்யும் நஞ்சு அது, நாக்கில் மட்டும் வெறுமை. இதைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது, இன்றும் தணியவில்லை. செடி செய்யும் நஞ்சு பெரும்பாலும் கசப்போடோ நெடியோடோ வருகிறது. ஏனென்றால், தின்ன வருபவன் முதல் கடியிலேயே போய்விடுவதுதான் செடிக்கு லாபம். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. நாம் செய்வதில் அந்த அறிவிப்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இந்தக் குடும்பத்து மூன்று மருந்துகளைத் திறந்த வயல்களில் தடை செய்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இத்தோடு 'பூச்சிக்கு எதுவும் தெரியாது' என்று முடித்துக்கொள்ள நினைத்தபோதுதான் மூன்றாவது மாற்றம் வந்தது. சுவைக்கத் தெரியாத நஞ்சைத் தின்று உடம்புக்கு முடியாமல் போன தேனீ, அதனுடன் வந்த மணத்தை நினைவில் வைத்துக்கொண்டு பிறகு ஒதுக்குகிறது. அதன் மூளையில் கசப்பால் வரும் ஒதுக்கம் ஒரு வழியிலும், குமட்டலால் வரும் ஒதுக்கம் வேறொரு வழியிலும் பதிகின்றன. 2022இல் வந்த ஆய்வில், கொல்லாத அளவு பூச்சிமருந்து ஒரே ஒரு முறை பட்ட கொசுக்கள் அடுத்த முறை அதன் மணத்தைக் கண்டே விலகின. இலைவெட்டி எறும்புகள் இன்னும் ஒரு படி மேல். அவை வெட்டிக்கொண்டு வரும் இலை அவற்றின் பூஞ்சைத் தோட்டத்துக்கு உரம். தோட்டத்துக்கு ஆகாத இலை என்றாலும் முதல் நாள் ஆர்வமாகத்தான் தூக்கி வருகின்றன. எறும்புக்கு அதனால் கெடுதல் இல்லை. பூஞ்சை வாடத் தொடங்கியதும் அந்தச் செடியை ஒதுக்குகின்றன, பல வாரங்கள் மறப்பதில்லை. வேறோர் உயிரின் நோயிலிருந்து நஞ்சை அறிவதற்கு, தெரிதல் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

போன வாரம் வேறு வகை ஜெல்லை வாங்கி அதே மூலையில் வைத்தேன். இரவு மகளும் நானும் டார்ச்சை விரலால் மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒன்று வந்தது. உணர்கொம்பால் தட்டியது, வாயைத் தாழ்த்தியது, தாழ்த்திய வாயை எடுக்கவே இல்லை. நிதானமாகத் தின்றது. பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன.

"இதுங்களுக்குத் தெரியலையாப்பா?"

குளுக்கோஸ் கதையை அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். "தெரியலம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்போ சாப்பிடாம திரும்பிப் போறது ஒண்ணாவது இருக்கும்ல?" என்று கேட்டு, டார்ச்சைத் தொட்டியின் பின்பக்கச் சுவரோரமாகத் திருப்பினாள். நானும் முழங்காலிட்டுக் குனிந்தேன்.